வாளைக் காத்த உறை

"ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது" என்பது நாம் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. கூட்டுத் தொழிலில் மனவேறுபாடு தோன்றும்போதும், ஓர் அலுவலகத்தில் இருவர் தலைமை கொள்ள முற்படும்போதும் இது நம் நாவில் வந்து நிற்கும். அவ்வேளையிலும் நம் எண்ணம் கத்திகளைச் சுற்றியே அமைகிறது. அவற்றைத் தாங்கும் உறை எதனால் ஆனது, அதைச் செய்தவர் யார், அது எத்தனை காலம் உழைக்கும் என்று நாம் கேட்பதில்லை.

திருவனந்தபுரத்தில் வாழ்வோருக்கு வாள் புதிதன்று. 1750ஆம் ஆண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையும் வாளையும் ஸ்ரீ பத்மநாபசுவாமியின் திருமுன் ஒப்படைத்து, அன்று முதல் 'பத்மநாபதாசர்' என்னும் நிலையில் ஆட்சி நடத்தினார். பங்குனியிலும் ஐப்பசியிலும் நடைபெறும் ஆராட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும்போது, அரச குடும்பத்தின் தலைவர் இன்றும் வாளேந்தி நடக்கிறார். நவராத்திரிக்கு முன்னர், கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலிருந்து உடைவாள் முறைப்படி கைமாற்றித் தரப்பெற்று, சரஸ்வதி தேவி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோரின் திருவுலாவுக்கு முன்னே செல்கிறது. ஸ்ரீவராகத்துப் பெரிய குளக்கரையில் குடியிருக்கும் நம் வாடிக்கையாளர் பலர் இக்காட்சிகளை ஆண்டுதோறும் கண்டு வருபவர்கள்.

வாள் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. அது அவ்வாறு நிற்பதற்குக் காரணமான எளிய பொருள் ஒன்று உண்டு. அப்பொருளைப் பற்றி உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று, வியப்புக்குரிய வகையில், இங்கிலாந்து. அங்கே 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் வாளுறைகள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. இருப்பினும் ஆய்வாளர்களும் கைவினைஞர்களும் அவற்றை இன்று கையாலேயே மீண்டும் செய்து பார்க்கிறார்கள். அழிந்துபோன ஒன்றை எவ்வாறு மீண்டும் செய்ய இயலும்? அதனால் நமக்கு என்ன பயன்? இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் எடுத்துக்கொள்கிறது.

துருவே ஆவணம்

1939ஆம் ஆண்டின் கோடையில், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் சட்டன் ஹூ என்னும் இடத்தில், எடித் பிரெட்டி அம்மையாரின் நிலத்திலிருந்த மேடு ஒன்றைப் பேசில் பிரௌன் என்பவர் அகழ்ந்தார். உள்ளே சுமார் 27 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்றின் வடிவம் இருந்தது. கப்பலின் மரம் இல்லை. அமில மணல் அதை முழுவதும் தின்றுவிட்டிருந்தது. மணலில் படிந்த அச்சும், வரிசை குலையாத இரும்பு ஆணிகளுமே கப்பலின் உருவைக் காட்டின. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் ஒருவருக்காக அமைக்கப்பட்ட அக்கல்லறையில் தலைக்கவசம், கேடயம், வெள்ளிக் கலங்கள், பொன்னணிகள் ஆகியவற்றுடன் ஒரு வாளும் கிடைத்தது. கிடைத்த செல்வத்தை எடித் அம்மையார் அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்துவிட்டார்.

அந்த வாள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, உறையோடு ஒன்றாகி இறுகியிருந்தது. அதை உருவிப் பார்க்க வழியில்லை. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்த பின்னரே, இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒன்றாகப் பற்றவைத்து அடித்த அலகு அது என்பது தெளிவாயிற்று.

இங்கே இயற்கையின் விந்தை ஒன்றைக் கருத வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் உப்புகள் ஈரத்தில் கரைந்து, அருகிலுள்ள மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுகின்றன. மரம் மெல்ல மெல்ல அழுகி மறைகிறது. அதன் இடத்தில் துரு உறைந்து நிற்கிறது. அச்சில் வார்த்த மெழுகுபோல, மரத்தின் நார், அறை, துளை அனைத்தும் துருவில் பதிவாகின்றன. கம்பளி மயிரும் தோலின் இழையும் துணியின் ஊடும் பாவும்கூட இவ்வாறே பதிவாகும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினால், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அலகைத் தொட்டுக்கொண்டிருந்தது எந்த மரம், எந்த விலங்கின் மயிர் என்று பெருமளவுக்குச் சொல்ல முடிகிறது.

வாளை அழிக்கும் துருவே உறையைப் பற்றிய ஆவணமாக நிற்கிறது. முற்காலத்தில் அகழ்ந்தெடுத்த இரும்பை உடனே சுரண்டிப் பளபளப்பாக்குவது வழக்கமாக இருந்தது. அவ்வாறு சுரண்டியபோது அலகு தெளிவாகத் தெரிந்தது. உறையின் கடைசிச் சான்று குப்பையில் சேர்ந்தது. இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் துருவில் கை வைக்கும் முன் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார்கள்.

பலகை இரண்டு

அச்சான்றுகள் காட்டும் உறையின் அமைப்பு எளியது. வாளின் அலகு இருபுறமும் கூர் கொண்டது. முக்கால் மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் நான்கு விரல் அளவுக்குக் குறைந்த அகலமும் உடையது. அதன் இருபுறமும் மெல்லிய மரப்பலகைகள் இரண்டு. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் கனமே உடையது. பலகைகளின் உட்புறத்தில் கம்பளி மயிருடன் கூடிய ஆட்டுத்தோல். வெளிப்புறத்தில் இறுக்கமாகப் போர்த்திய தோல். வாய்ப்புறத்தில் துணி நாடாவோ தோல் வாரோ உலோகப் பட்டையோ சுற்றியிருக்கும். நுனியில் சில உறைகளுக்கு உலோகக் காப்பும் உண்டு.

மரம் எது என்பதில்தான் முதல் அறிவு அடங்கியிருக்கிறது. சான்றுகளில் மிகுதியாகக் காணப்படுவது வில்லோ அல்லது பாப்லர். இவ்விரண்டும் நெருங்கிய உறவுடைய மரங்கள். சிதைந்த நிலையில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது கடினம். வில்லோ நமக்கு முற்றிலும் அன்னியமானதன்று. கிரிக்கெட் மட்டை அம்மரத்தில்தான் செய்யப்படுகிறது. எடை குறைவு, அடி தாங்கும் இயல்பு, எளிதில் பிளவுபடாத நார் ஆகிய குணங்களே மட்டைக்கும் உறைக்கும் அதை உரியதாக்கின.

இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குப் பஞ்சமில்லை. வீடும் கப்பலும் அம்மரத்தில்தான் எழுந்தன. ஆயினும் இரும்போடு நெருங்கியிருக்க ஓக் ஏற்றதன்று. அதில் துவர்ப்புச் சத்து மிகுதி. துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும், இரும்பு அரிபடும். இதை நம் இல்லங்களில் வேறு வடிவில் காண்கிறோம். இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூவை நறுக்கினால் அலகும் கையும் கறுப்பதும், கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்ந்து முற்காலத்தில் மையானதும் இந்த வினையாலேயே. வேதியியல் நூல் எதையும் பயிலாத உறைகாரர், பல தலைமுறைப் பழக்கத்தால் மென்மரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தது, பலகையை எடுக்கும் முறை. இன்று மரத்தை இயந்திரத்தில் கொடுத்தால் வேண்டிய கனத்தில் பலகை வந்துவிடும். பழைய முறையில் மரத்தை நாரின் போக்கிலேயே ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். ஸ்ரீவராகத்தில் நமக்கு அறிமுகமான முதிய தச்சர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "சாரே, மிஷினில் அறுத்தால் பலகை கிடைக்கும், நார் கிடைக்காது" என்றார். அறுக்கும் வாள் நாரைக் குறுக்கே வெட்டிச் செல்லக்கூடும். வெட்டுண்ட நார் உள்ள மெல்லிய பலகை ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். பிளந்த பலகையில் நார் முனைக்கு முனை ஓடுவதால், அது மெலிதாக இருந்தும் நேராக நிற்கும். நம் நாட்டில் இவ்வேலைக்கு எம்மரத்தை எடுப்பீர்கள் என்ற வினாவுக்கு, சற்று யோசித்து ஏழிலைப்பாலையைச் சொன்னார். எழுதுபலகை செய்யப் பயன்பட்ட மென்மரம் அது.

பலகைகளை வாள்தான் அளக்கிறது, அளவுகோல் அன்று. கையால் அடித்த எந்த அலகும் மற்றோர் அலகைப் போல இராது. ஆகையால் அலகைப் பலகையின் மேல் கிடத்திச் சுற்றிக் கோடு கிழித்து, உளியால் சிறிது சிறிதாகக் குடைந்து, மீண்டும் வைத்துப் பார்த்து, மீண்டும் குடைய வேண்டும். ஒரு வாளுக்குச் செய்த உறை பிறிதொரு வாளுக்குப் பொருந்தாது. பழமொழியின் உண்மை இங்கே தச்சுவேலையின் உண்மையாகவும் ஆகிறது.

கம்பளி, வச்சிரம், தோல்

பலகைக்குள் கம்பளி எதற்கு? அதற்குப் பணிகள் இரண்டு. குடைவுக்கும் அலகுக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியை நிரப்பி, அலகு ஆடாமலும் தானாக நழுவாமலும் பிடித்துக்கொள்வது ஒன்று. ஆட்டு மயிரில் இயல்பாகவே உள்ள கொழுப்பு, உருவும்போதும் செருகும்போதும் அலகைத் தடவி, ஈரம் ஒட்டாமல் காப்பது மற்றொன்று. ஆயுதத்துக்கு நெய் பூசுவதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவல்மிக்க மனையில் வைக்கப்பட்டிருந்த தொண்டைமானின் படைக்கலங்களை ஔவையார் புறநானூற்றின் 95ஆம் பாடலில் காட்டுகிறார். நாம் கையால் பூசிய நெய்யை, அங்கே உறையே நாள்தோறும் பூசியது.

மயிரின் போக்கும் கருதத்தக்கது. மயிர் உறையின் வாயிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருந்தால் அலகு வழுக்கிக்கொண்டு உள்ளே செல்லும். எதிராகப் படிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் மயிரைச் சுருட்டிக்கொண்டு செல்லும். தோலைத் திருப்பி ஒட்டிவிட்டால் முழு வேலையும் வீண்.

ஒட்டுவதற்குப் பயன்பட்டது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. தமிழ்நாட்டுத் தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கிய பசையும் இவ்வகையினதே. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். மீண்டும் ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். இன்றைய டப்பாப் பசைகளோடு ஒப்பிட்டு இதைக் குறை என்று சொல்வோர் உண்டு. ஆனால் பழுதுபார்க்க வேண்டிய பொருளுக்கு இதுவே நிறை. பசை விட்டுக்கொடுத்தால்தான் பலகையை உடைக்காமல் பிரித்து, நைந்த கம்பளியை மாற்றலாம். ஜப்பானியர் வாளைச் சேமித்து வைக்கும் வெள்ளை மர உறையிலும் இதே அறிவைக் காண்கிறோம். அதன் இரு பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டுகிறார்கள். தேவைப்படும்போது பிளந்து, உட்புறத்தைத் துப்புரவு செய்து, மறுபடியும் ஒட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக மேல்தோல். மரப்பட்டைகளின் துவர்ப்பால் பதனிட்ட தோலை நனைத்து, இழுத்துப் போர்த்தி, பின்புறத்தில் தைக்கிறார்கள். நம் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் பட்டைகளின் துணையால் பதனிடும் தோல் உலகச் சந்தையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டையின் மணம் அறிந்தவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. நனைந்த தோல் உலரும்போது சுருங்கும். மத்தளத்தின் தோல் இறுகுவதுபோல் இறுகிப் பலகைகளைக் கவ்விக்கொள்ளும். இங்கேயும் எச்சரிக்கை வேண்டும். உலரும் தோல் பலகைகளை உள்நோக்கி அழுத்துவதால், அப்போது உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வாய் குறுகிவிடும். வாளையே உள்ளே வைத்தாலோ ஈரத்தில் துருப்பிடிக்கும். ஆகவே வாளின் அளவில் ஒரு மரத்துண்டைச் செருகி உலர விடுவது வழக்கம். மேலும், பதனிட்ட தோலிலும் துவர்ப்பு உண்டு. அது அலகைத் தொடாதபடி மரமும் கம்பளியும் இடையில் நிற்கின்றன. எந்தப் பொருள் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கே உறையின் இலக்கணம்.

கை கற்பிப்பது

படம் வரைந்தால் போதாதா, செய்தே பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். சட்டன் ஹூ கண்டெடுப்புகளின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. அங்கே கிடைத்த இசைக்கருவியின் மரத்துண்டுகளைக் கொண்டு 1940களின் இறுதியில் அதைச் சிறிய யாழ் வடிவில் மீட்டமைத்தனர். துண்டுகளை மீண்டும் ஆராய்ந்தபோது அவ்வடிவம் பொருந்தவில்லை. 1970ஆம் ஆண்டளவில் அது லைர் என்னும் வேறு வகைக் கருவி என முடிவாயிற்று. தலைக்கவசமும் அவ்வாறே. ஐந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கிக் கிடந்த அதை ஹெர்பர்ட் மேரியன் 1945-46இல் முதன்முதலாக ஒன்றுசேர்த்தார். பின்னர் 1970-71இல் நைஜல் வில்லியம்ஸ் அதைப் பிரித்து, ஒன்றரை ஆண்டுக்காலம் உழைத்து, திருத்திய வடிவில் மீண்டும் அமைத்தார். வாளையும் விடவில்லை. அதன் அலகின் படியை ஸ்காட் லாங்க்டன் என்னும் அமெரிக்கக் கொல்லர் 1989இல் அடித்துக் கொடுத்தார்.

ஏட்டில் சரியாகத் தோன்றுவது பொருளாகும்போது சோதனைக்குள்ளாகிறது. நம் துறையில் பேரேடும் கையிருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று நாள் முடிவில் பார்ப்பதுபோல, கைவினைஞர் தம் கருத்தைப் பொருளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார். பலகை சற்றுக் கனத்தால் உறை இடுப்பில் பாரமாகத் தொங்கும். சற்று மெலிந்தால் தையலின் இழுப்பிலேயே வளையும். கம்பளியின் மயிர் நீண்டால் வாள் உள்ளே செல்லாது. குறைந்தால் கவிழ்த்த மாத்திரத்தில் விழும். இவற்றில் எதையும் துரு சொல்லாது. கைதான் சொல்லும்.

பொன்னும் கார்னெட்டும்

உறையில் அழியாது நின்றவை அணிகள் மட்டுமே. சட்டன் ஹூ வாளுறையில் பொன்னில் கார்னெட் கற்களைப் பதித்த குமிழ்கள் இரண்டு இருந்தன. வாளைக் கட்டும் வாரோடு சேர்ந்தவை எனக் கருதப்படும் சிறிய கூம்பு வடிவ அணிகளும் இருந்தன. வேறு சில கல்லறைகளில் கண்ணாடி அல்லது ஆம்பர் மணி ஒன்று உறையோடு கிடைத்துள்ளது. 2009ஆம் ஆண்டு ஸ்டாஃபோர்டுஷயரில் உழுத நிலமொன்றில் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 4 கிலோ பொன்னும் 1.7 கிலோ வெள்ளியும் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி வாள்களிலிருந்து பெயர்த்தெடுத்த அணிகள். ஓர் அலகும் அதில் இல்லை. பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்து 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு திரட்டி, பர்மிங்காம், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரங்களின் அருங்காட்சியகங்கள் அதை வாங்கின.

அந்தச் சிவப்புக் கற்கள் எங்கிருந்து வந்தன? 5, 6ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பிய நகைகளில் பதித்த கார்னெட்டுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவிலும் இலங்கையிலும் தோண்டப்பட்டவை என்று கண்டனர். 7ஆம் நூற்றாண்டில் கடல்வழி வணிகம் தளர்ந்த பின்னரே, இன்றைய செக் நாட்டின் சிறு கற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கார்னெட் நமக்கும் பழைய சரக்குத்தான். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கார்னெட் மணி செய்தார்கள். அதற்கான கல் தெலங்கானாவின் கரீப்பேட்டையிலிருந்து வந்ததை அண்மைய ஆய்வு காட்டியுள்ளது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் செம்மணலிலும் இக்கல்லின் பொடி கலந்திருக்கிறது. எனவே இங்கிலாந்தின் வாளணிகளில் ஒளிர்ந்த சிவப்பு, நம் பக்கத்து மண்ணின் சிவப்பாக இருந்திருக்கவும் கூடும்.

நகைக்கடனுக்கு வரும் அணிகளை மதிப்பிடும்போது கல்லின் எடையைக் கழித்து, நிகர எடைக்கே தொகை கணக்கிடுவோம். அக்கணக்கின்படி இந்த உறையில் பொன்னுக்கு மதிப்பு உண்டு, கல்லுக்கு இல்லை, மரம், கம்பளி, தோல், தையல் ஆகியவற்றுக்கு எதுவுமே இல்லை. தராசு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆயினும் வாளைத் துருவிலிருந்து காத்தது பொன் அன்று.

உயிலில் வாள், சட்டத்தில் பொறுப்பு

அக்காலத்து வாளின் மதிப்பை உயில்கள் சொல்கின்றன. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மன்னர் ஆல்பிரட் தம் உயிலில் எதெல்ரெட் என்னும் தலைவருக்கு 100 மன்கஸ் மதிப்புள்ள வாளை எழுதிவைத்தார். ஒரு மன்கஸ் என்பது சுமார் நாலேகால் கிராம் பொன். நம் வழக்கில் அவ்வாளின் மதிப்பு ஏறத்தாழ 53 பவுன். பின்வந்த ஒரு சட்டம் ஓர் எருதின் விலையை ஒரு மன்கஸ் என்று வைத்ததால், நூறு எருதுகளின் விலை என்றும் கொள்ளலாம்.

1014ஆம் ஆண்டளவில் இளவரசர் எதெல்ஸ்டன் எழுதிய உயில் இன்னும் சுவையானது. தம் உடன்பிறந்தார் எட்மண்டுக்கு, மன்னர் ஆஃபாவுக்கு உரியதாயிருந்த வாளை அவர் விட்டுச்செல்கிறார். ஆஃபா மறைந்தது 796இல். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாள் கைமாறி, இன்னும் கொடுக்கத் தகுந்த நிலையில் இருந்திருக்கிறது. மரமும் கம்பளியும் தோலும் அத்தனை காலம் தாங்கமாட்டா. அந்த இருநூறு ஆண்டுகளில் யார் யாரோ அதன் உறையைப் பிரித்தும் மாற்றியும் புதிதாகச் செய்தும் வந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்த உயிலிலும் இல்லை. இந்த உயிலில் மட்டும், எல்ஃப்நோத் என்னும் வாள் துலக்குநருக்கு ஒரு வாள் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தம் ஆயுதங்களைக் காத்த கையை இளவரசர் மறக்கவில்லை.

சட்டமும் அக்கையை நினைவில் வைத்திருந்தது. ஆல்பிரடின் சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு. வாள் துலக்குநர் பிறரது ஆயுதத்தைத் துலக்குவதற்காகவோ, கொல்லர் பிறரது கருவியைச் சீர்செய்வதற்காகவோ பெற்றுக்கொண்டால், பெற்ற நிலையிலேயே குறைவின்றித் திருப்பித் தரவேண்டும். பொறுப்பு இல்லை என்று முன்னரே பேசிக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு. வணிகவியல் பயின்ற எவருக்கும் இது பழகிய குரலாக ஒலிக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைப்பதை 148ஆம் பிரிவில் வரையறுக்கிறது. பெற்றவர் அதைத் தம் சொந்தப் பொருளைப் போல் கருத்துடன் காக்க வேண்டும் என்று 151ஆம் பிரிவு கூறுகிறது. தனி ஒப்பந்தம் இருந்தால் நிலை மாறலாம் என்பதை 152ஆம் பிரிவு ஏற்கிறது. அடகு என்பது கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைப்பது என 172ஆம் பிரிவு சொல்கிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரு நாடுகள் ஒன்றையே சொல்கின்றன: கைக்கு வந்த பிறர் பொருள், வந்தபடியே திரும்ப வேண்டும்.

உறை செய்பவரின் தொழில் ஒழுக்கமும் இதுதான். வாள் அவருடையதன்று. அவர் செய்ததோ தேய்வதற்காகவே செய்த பொருள். தேய்மானத்தை உறை ஏற்றுக்கொண்டதால் வாள் தேயாமல் நின்றது.

நம் வீட்டில் உள்ளவை

கடற்காற்றும் இரு பருவமழையும் உள்ள திருவனந்தபுரத்தில், இரும்பும் தோலும் மரமும் படும் பாடு நாம் அறிந்ததே. மழைக்காலம் முடிந்ததும் அலமாரியைத் திறந்தால் பழைய தோற்பொருள்களில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். தறவாடுகளிலும் அக்கிரகார வீடுகளிலும் பழைய கத்தி, பூட்டு, எழுத்தாணி, பெட்டகம் முதலியவை எத்தனையோ உள்ளன. அவற்றை வைத்திருப்போர் கருத வேண்டியவை சில.

பழைய இரும்பைப் பளபளப்பாக்கும் ஆவலில் உப்புத்தாளும் அமிலமும் கொண்டு தேய்க்க வேண்டாம். துருவுக்குள் மரமும் துணியும் எழுத்தும் பதிந்திருக்கலாம். 1899ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்பு ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் காண முடிகிறதெனில், அவை துருவோடு காக்கப்பட்டதும் ஒரு காரணம். பழமையானது எனத் தோன்றும் பொருளை அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவினரிடம் காட்டிய பின்னரே கை வைப்பது நன்று.

அடுத்து, கத்தியையோ கருவியையோ தோலுறையில் நெடுநாள் மூடி வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். உறை எடுத்துச் செல்வதற்கு உரியது. சேமிப்புக்கு உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. வங்கிப் பெட்டகத்தில் நகையையும் ஆவணத்தையும் வைத்திருப்போரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்ப்பது நலம். அந்தப் பெட்டகத்துக்கு நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் அவ்வேளையிலேயே உறுதி செய்துகொள்ளலாம்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. பொருளைக் காப்பதோடு அதைச் செய்யும் அறிவையும் காக்க வேண்டும். சுமார் 1000ஆம் ஆண்டில் எல்ஃப்ரிக் என்னும் துறவி மாணவர்களுக்காக எழுதிய உரையாடல் பாடத்தில், தோல் தொழிலாளி ஒருவர் தாம் செய்யும் செருப்பு, கடிவாளம், பை, தோற்குடுவை முதலியவற்றை அடுக்கிச் சொல்லி, தம் தொழில் இன்றி உங்களில் எவரும் குளிர்காலத்தைக் கடக்க முடியாது என்கிறார். அவருடைய பொருள்களின் பட்டியல் ஏட்டில் நிலைத்தது. செய்யும் முறையை எவரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இன்றைய வல்லுநர்கள் துருவின் நுண்துகளில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் தெருக்களில் வச்சிரம் காய்ச்சத் தெரிந்த தச்சரும், செண்டைக்குத் தோல் இழுத்துக் கட்டுபவரும், வெண்கலத்துக்கு அச்சுப் பிடிப்பவரும் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் முதியவர்கள். அவர்களுடைய வேலையை ஒரு மாலைப்பொழுது அருகே அமர்ந்து பார்ப்பதற்கும், கைப்பேசியில் பதிவு செய்வதற்கும், வீட்டுப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதற்கும் செலவு ஏதுமில்லை. பழுதான பழம்பொருளைத் தூக்கி எறியாமல் அவர்களிடம் கொடுத்து, உரிய கூலி தந்து சீர்செய்து வாங்கினால், அத்தொழில் மேலும் ஒரு தலைமுறை நிற்கும். அழிந்த பின் மீட்டெடுக்க ஆகும் உழைப்பில் ஒரு சிறு பங்கே, இருக்கும்போது காப்பதற்குத் தேவைப்படும்.